நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ்: வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

நான் நியூ ஆர்லியன்ஸுக்கு வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தாலும் சரி, வேறு மாநிலத்திலிருந்து நண்பர்கள் வந்தாலும் சரி, ஏர்போர்ட் வாசலில் டிரம்பெட் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பெயரைப் பார்த்ததுமே ஜாஸ் பற்றிய கேள்விகள் ஆரம்பித்துவிடும். கேள்விகள் ஏறக்குறைய எப்போதும் அதேதான். நான் இசைக்கலைஞன் இல்லை, இந்த ஊரின் ஊர்வலங்களுக்குப் பின்னால் நடந்து கால் வலித்தவன், அவ்வளவுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

சாக்ஸபோன் வாசிச்சா அது ஜாஸா? முதல்ல ஜாஸ்னா என்னன்னு சொல்லுங்க.

சாக்ஸபோனுக்கும் ஜாஸ் பிறந்ததற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆரம்பகால நியூ ஆர்லியன்ஸ் குழுவில் முன்வரிசை மூன்று பேர். கார்னெட் என்ற சின்ன டிரம்பெட் பாட்டைச் சொல்லும், கிளாரினெட் அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னும், டிராம்போன் கீழே இழுத்து இழுத்து இடைவெளிகளை நிரப்பும். பின்னால் டிரம், கிட்டார் அல்லது பாஞ்சோ, பாஸ். சாக்ஸபோன் பிறகு வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

ஜாஸை ஜாஸ் ஆக்குவது மூன்று விஷயம் என்று நான் சொல்வேன்: தாளம் நேர்கோட்டில் நடக்காமல் ஊஞ்சல் மாதிரி ஆடுவது, பாட்டை அந்த இடத்திலேயே கற்பனை செய்து விரிப்பது, பிறகு வாத்தியத்தைத் தொண்டை மாதிரி அழவும் சிரிக்கவும் வைப்பது. இரண்டாவது நமக்குப் புதிது இல்லை, கல்பனாஸ்வரம் கேட்டு வளர்ந்த காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஒரே வித்தியாசம், இங்கே மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கற்பனை செய்வார்கள், ஆனால் ஒருவர் மேல் ஒருவர் மோத மாட்டார்கள்.

அமெரிக்காவுல வேற ஊரே இல்லையா? ஏன் நியூ ஆர்லியன்ஸ்?

இந்த ஊர் ரொம்ப காலம் அமெரிக்காவாகவே இல்லை. 1718-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கினார்கள், 1760-களில் ஸ்பெயின் கைக்குப் போனது, 1803-இல்தான் அமெரிக்கா விலைக்கு வாங்கியது. அதனால் கத்தோலிக்கப் பண்டிகைகள், பிரெஞ்சு ஓபரா, கரீபியன் தீவுகளோடு கப்பல் போக்குவரத்து என்று எல்லாம் வேறு வழியில் போனது. ஹெய்ட்டியில் அடிமைகள் புரட்சி செய்து வென்ற பிறகு, அங்கிருந்து கியூபாவுக்கு ஓடியவர்கள் அங்கேயும் இருக்க முடியாமல் 1809, 1810 வாக்கில் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் இங்கே வந்து இறங்கினார்கள். ஊர் ஜனத்தொகையே இரட்டிப்பானது. அவர்களில் வெள்ளையர், சுதந்திரமான கறுப்பினத்தவர், அடிமைகள் மூவரும் ஏறக்குறைய சமமாக இருந்தார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் “ஓ, எல்லாரும் கலந்ததால ஜாஸ் வந்தது” என்பார்கள். அது பாதி உண்மைதான். மனமுவந்து யாரும் கலக்கவில்லை. சட்டம் பிரித்து வைத்தது, ஆனால் தெருக்கள் குறுகலாகவும் வீடுகள் ஒட்டி ஒட்டியும் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரன் வாசிப்பது காதில் விழாமல் இருக்கச் சட்டம் போட முடியாது. நான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லப்போவது கிட்டத்தட்ட இதைத்தான்.

ஆப்பிரிக்க இசைதானே, அப்படியே ஒரு வரியில சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?

வேர் ஆப்பிரிக்காதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இருந்தே ஞாயிற்றுக்கிழமை அடிமைகளுக்கு ஓய்வு. ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் கூடிக் காய்கறி விற்பார்கள், மேளம் அடிப்பார்கள், வட்டம் வட்டமாக ஆடுவார்கள். 1817-இல் நகராட்சி ஒரு விதி போட்டு, அடிமைகள் கூடுவதை மேயர் குறிக்கும் ஒரே இடத்துக்குள் அடக்கியது. காங்கோ சதுக்கம் என்று இன்று சொல்வது அந்த இடத்தைத்தான். ராம்பார்ட் தெருவுக்கு அந்தப் பக்கம் டிரெமே பகுதியில், ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் இருக்கிறது. அமெரிக்காவின் மற்ற தோட்டப் பகுதிகளில் மேளத்தையே தடை செய்திருந்த காலத்தில் இங்கே வாரம் தவறாமல் அது ஒலித்தது.

ஆனால் காங்கோ சதுக்கத்து ஆட்டம் உள்நாட்டுப் போருக்கு முன்பே அடங்கிவிட்டது. ஜாஸ் என்று நாம் சொல்லும் இசை 1890-களின் கடைசியில் வருகிறது. நடுவில் இரண்டு தலைமுறை. அந்த நாற்பது ஐம்பது வருஷத்தில் தாளம் மட்டும் தேவாலயத்திலும் ஊர்வலத்திலும் கைதட்டலிலும் ஒளிந்து வாழ்ந்தது. மேளம் அடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் கையில், போருக்குப் பிறகு மலிவாகக் கிடைத்த பித்தளை வாத்தியங்கள் வந்து சேர்ந்தன.

கிரியோல் கிரியோல்ங்கிறாங்களே, அது ஜாதியா?

ஜாதி இல்லை, ஆனால் ஜாதி மாதிரி நடந்துகொண்ட காலம் உண்டு. இசை பற்றிப் பேசும்போது கிரியோல் என்றால் பெரும்பாலும் பிரெஞ்சு பேசிய, கலப்பு வம்சாவளியில் வந்த, அடிமை முறை ஒழிவதற்கு முன்பே சுதந்திரமாக இருந்த குடும்பங்கள். கொத்தனார், தச்சர், சுருட்டு செய்கிறவர், தையற்காரர் என்று கைத்தொழில் தெரிந்தவர்கள். பிள்ளைகளுக்கு முறையாக இசை சொல்லிக்கொடுத்தார்கள், நோட்டேஷன் பார்த்து வாசிக்கத் தெரியாதவனை அவர்கள் மதிப்பதில்லை. கனால் தெருவுக்குக் கீழ்ப்பக்கம் இவர்கள். மேல்பக்கம், தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய, ஆங்கிலம் பேசிய, பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் போன கறுப்பினத்தவர்கள். அவர்கள் காதால் கேட்டு வாசித்தவர்கள்.

1890-இல் லூசியானா, ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பெட்டி என்று சட்டம் கொண்டுவந்தது. கிரியோல் சமூகம் குழு அமைத்து வழக்குப் போட்டது. முதல் சோதனை வழக்குக்காக 1892-இல் வெள்ளையர் பெட்டியில் ஏறியவர் டேனியல் டெஸ்டூன்ஸ் என்ற இசைக்காரர், அடுத்து ஏறியவர் ஹோமர் பிளெஸ்ஸி என்ற கிரியோல். 1896-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று பிளெஸ்ஸிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகு, கிரியோல் ஆனாலும் யார் ஆனாலும் சட்டத்தின் முன் ஒரே நிறம்தான். ஓபரா வாசித்த வீட்டுப் பிள்ளையும் காதால் வாசித்தவனும் ஒரே நடனத்துக்கு, ஒரே கூலிக்கு வாசிக்க நேர்ந்தது. ஒரே நாளில் நடந்த கதை இல்லை, முன்பே கொஞ்சம் போக்குவரத்து இருந்தது. ஆனாலும் அவமானம் ஒரு மேடையில் இரண்டு பேரைச் சேர்த்து வைத்தது என்று எனக்குத் தோன்றும்.

குரு சிஷ்யன்லாம் உண்டா, இல்ல தானா கத்துக்கிட்டாங்களா?

உண்டு, நம்ம ஊர் நாதஸ்வரக் குடும்பங்கள் மாதிரி வீட்டு வழியாக வருவதும் உண்டு. டியோ என்றொரு கிரியோல் குடும்பம், உள்நாட்டுப் போருக்குச் சற்று முன்பு இனவெறி தாங்காமல் மெக்சிகோவுக்குப் போய்விட்டுப் பிறகு திரும்பியது. மூன்று பேர் கிளாரினெட் ஆசிரியர்கள். இளைய லொரென்சோ டியோவிடம் படித்தவர்கள் பட்டியலில் சிட்னி பெஷே, பார்னி பிகார்ட், ஜிம்மி நூன் என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. பெஷே சொன்னபடி கேட்டு வாசிக்கிற பையன் இல்லை என்பது வேறு விஷயம்.

கியூபா தாளம் கலந்திருக்குன்னு சொல்றாங்களே, நமக்குப் புரியுற மாதிரி சொல்ல முடியுமா?

முடியும், சொல்கட்டு தெரிந்தவர்களுக்கு ரொம்ப சுலபம். எட்டு மாத்திரையை நான்கு நான்காக இரண்டாகப் பிரிக்காமல் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரியுங்கள்: தகிட தகிட தக. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் அழுத்திக்கொண்டே, காலால் நேராக நான்கு தட்டிப் பாருங்கள். ஹவானாவில் ஹபனேரா என்று பெயர் வாங்கிய நடனத்துக்கு அடியில் இருப்பது இந்தத் தாளம்தான். ஆப்பிரிக்காவிலிருந்து தீவுகளுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இங்கே வந்தது. இதே ஊரில் பிறந்த காட்ஷாக் என்ற பியானோ மேதை 1840-களிலேயே இதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனார்.

பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் இதை ‘ஸ்பானியச் சாயல்’ என்று சொல்வார், அது இல்லாமல் ஜாஸுக்கு உப்பு உறைப்பு சரியாக அமையாது என்பது அவர் கட்சி. 1938-இல் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் பியானோ முன் உட்கார்ந்து, வாசித்துக்காட்டியே விளக்கியிருக்கிறார். ஜாஸைத் தானே கண்டுபிடித்ததாகவும் சொல்லிக்கொண்டவர் அவர், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

விபச்சார விடுதிகள்ல பிறந்த இசைன்னு படிச்சேன், நிஜமா?

ஸ்டோரிவில் என்று ஒரு பகுதி இருந்தது உண்மை. 1897-இல் ஊர் நிர்வாகம் எல்லை வகுத்துக் கொடுத்தது, 1917-இல் போர்க்காலத்தில் கடற்படை அழுத்தம் கொடுத்து மூட வைத்தது. அங்கே விடுதிகளுக்குள் வாசித்தது பெரும்பாலும் தனி பியானோக்காரர்கள். மார்ட்டன் அதில் ஒருவர். பக்கத்துக் கேளிக்கைக் கூடங்களில் குழுக்கள் வாசித்தன, நல்ல சம்பளமும் வந்தது.

ஆனால் ஜாஸ் அங்கே பிறக்கவில்லை. முதல் ஜாஸ்காரர் என்று ஊரே சொல்லும் கார்னெட் கலைஞர் பட்டி போல்டன் வாசித்த இடங்களைப் பாருங்கள்: பூங்கா, சங்கக் கட்டடம், தெரு ஊர்வலம். அவர் வாசித்த ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை ராத்திரி வியர்க்க வியர்க்க ஆட்டம், ஞாயிறு காலை அதே இடத்தில் பாப்டிஸ்ட் வழிபாடு. ஏரிக்கரைப் பிக்னிக், கல்யாணம், மீன் வறுவல் விருந்து, விளம்பர வண்டி எல்லாவற்றுக்கும் குழு வேண்டும். மரச்சாமான் கடை வண்டியில் ஏறி வாசிக்கும்போது டிராம்போன் நீண்டு நீண்டு முன்னால் இருப்பவன் முதுகில் இடிக்கும் என்று அந்த ஆளை வண்டியின் பின்பலகையில் உட்காரவைத்தார்கள், அந்த வாசிப்பு முறைக்கே பின்பலகைப் பாணி என்று பெயர் வந்துவிட்டது. போல்டன் 1907-இல் மனநலக் காப்பகத்துக்குப் போனார், 1931-இல் அங்கேயே இறந்தார். அவர் வாசிப்பின் ஒரு ஒலிப்பதிவு கூட மிஞ்சவில்லை.

முதல் ஜாஸ் ரெக்கார்டு போட்டது வெள்ளைக்காரங்கதானே? அப்புறம் எப்படி கறுப்பர் இசைங்கிறீங்க?

ரெக்கார்டு போட்டது வெள்ளையர்கள், உண்மை. 1917 பிப்ரவரி 26, நியூயார்க், ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட். ஐந்து பேரும் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள். நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் குழு ஒன்று, கிட் ஓரியுடையது, பதிவு செய்ய 1922 வரை ஆனது, அதுவும் லாஸ் ஏஞ்சலஸில். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் யார் முதலில் விடப்பட்டார்கள் என்பதைத்தான் தேதி சொல்கிறது. முதல் ரெக்கார்டு போட்ட குழுவின் நிக் லரோக்கா வயதான காலத்தில் கறுப்பினத்தவருக்கு ஜாஸில் பங்கே இல்லை என்று பேசினார். அபத்தம்.

அதற்காக அந்த வெள்ளைக் கலைஞர்களைத் துடைத்துவிடவும் முடியாது. லரோக்கா சிசிலியிலிருந்து வந்தவர்களின் மகன். பிரெஞ்சு குவார்ட்டரின் ஒரு பகுதியைக் குட்டிப் பலெர்மோ என்று சொல்லும் அளவுக்குச் சிசிலிக்காரர்கள் குடியிருந்தார்கள், கறுப்பினத்தவருக்குப் பக்கத்திலேயே. 1891-இல் இதே ஊரில் பதினொரு இத்தாலியர்களைக் கும்பல் சிறை புகுந்து கொன்றது, அதனால் ‘வெள்ளையர்’ என்ற சொல்லுக்குள் அவர்களுக்கு அப்போது இடம் உறுதியாக இல்லை. லூயிஸ் பிரைமா, லியோன் ரொப்பொலோ போன்ற ஜாஸ் கலைஞர்கள் எல்லாம் அந்த மரபில் வந்தவர்கள். ஜாக் லேன் என்ற வெள்ளை இனக் குழுத்தலைவர், வெளிர்நிறக் கிரியோல்களைச் சேர்த்துக்கொண்டு, கேட்டால் நிறம் பற்றி வாய் திறக்காமல் வேலையை ஓட்டினார்.

‘ஜாஸ்’ங்கிற பேரும் இந்த ஊர் பேரா?

இல்லை. அச்சில் முதலில் தென்படுவது 1912-இல் கலிபோர்னியாவில், பேஸ்பால் செய்தியில். ஏதோ துடிப்பு, வேகம் என்கிற அர்த்தம். இங்கே வாசித்தவர்கள் ராக்டைம் என்றே சொன்னார்கள். உள்ளூர்ப் பத்திரிகை 1918-இல் ஜாஸைத் திட்டித் தலையங்கமே எழுதியது, இந்த ஊரில் பிறந்தது என்று சொல்கிறார்களே என்று வெட்கப்பட்டது. இன்று அதே ஊர் ஏர்போர்ட்டில் ஜாஸ் பொம்மை விற்கிறது.

சாவு ஊர்வலத்துல ஆடுறாங்களாமே, நம்ம ஊர் சாவு மேளம் மாதிரியா?

பார்த்தவுடன் எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் வரிசை வேறு. தேவாலயத்திலிருந்து கிளம்பும்போது துக்கப் பாட்டு, கால் இழுத்து இழுத்து மெல்ல நடை, டிரம்மின் அடிக் கம்பிகளைத் தளர்த்திவிடுவார்கள், ஒலி மங்கி வரும். கல்லறைக்கு அருகில் உடலை அனுப்பியதும் டிரம்காரர் கம்பியை இறுக்கி ஒரு உருட்டு உருட்டுவார், அடுத்த நொடி துள்ளல் ஆரம்பம். அழுகை நடக்கும்போது ஆட்டம் கிடையாது.

முக்கியமான கேள்வி யாரும் கேட்பதில்லை: குழுவுக்கு யார் காசு கொடுத்தது? கறுப்பினத்தவருக்கு இன்சூரன்ஸ் கிடைக்காத காலத்தில் அவர்களே சங்கம் வைத்து மாதச் சந்தா கட்டினார்கள். நோய் வந்தால் மருத்துவர், இறந்தால் மரியாதையான அடக்கம், கூடவே பேண்ட். 1884-இல் தொடங்கிய யங் மென் ஒலிம்பியன் சங்கம் இன்னும் இருக்கிறது. இந்த இசை பிழைத்தது ரசிகர்களால் என்பதைவிட இந்தச் சந்தாப் பணத்தால் என்றுதான் சொல்ல வேண்டும்.

செகண்ட் லைன்னா என்ன?

ஊர்வலம் நடத்தும் சங்கமும் பேண்டும் முதல் வரிசை. பின்னால் தானாகச் சேர்ந்துகொள்கிற ஊர் ஜனம் இரண்டாம் வரிசை, குடையும் கைக்குட்டையுமாக. இப்போது அந்த ஊர்வலத்துக்கே அந்தப் பெயர். மேலே சொன்ன சங்கங்கள் வருஷத்துக்கு ஒருமுறை தங்கள் நாளில் நடத்துவார்கள், புத்தாடை, இறகு விசிறி, ஷூ கூடப் பொருத்தமான நிறத்தில். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜூன் வரை ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு பேட்டையில் உண்டு, நான்கு மணி நேரம் நடக்கும்.

கறுப்பினத்தவங்க ஏன் செவ்விந்தியர் வேஷம் போடுறாங்க?

மார்டி க்ரா திருவிழாவுக்கு இந்த வேஷம் போடும் குழுக்களை மார்டி க்ரா இந்தியர்கள் என்பார்கள். தப்பியோடிய அடிமைகளுக்குப் பூர்வகுடிகள் அடைக்கலம் கொடுத்ததற்கு மரியாதை என்று அவர்கள் சொல்வார்கள். 1880-களில் ஊருக்கு வந்த குதிரைச் சாகசக் காட்சிகளைப் பார்த்துத் தொடங்கியது என்றும் ஒரு வாதம் உண்டு. எப்படியோ, ஒவ்வொரு குழுத் தலைவரும் ஒரு வருஷம் முழுக்க மணி மணியாகக் கையால் கோத்து ஆடை தைப்பார், அடுத்த வருஷம் அதையே போடக்கூடாது. வாத்தியம் டாம்பரின், குரல், பதில் குரல். நான் முன்பு சொன்ன ‘ஒளிந்து வாழ்ந்த தாளம்’ எங்கே என்று கேட்டால் இங்கேதான் கை காட்டுவேன். அந்தத் தலைவர்களில் ஒருவரான டூட்டி மொன்டானா ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆடை தைத்தவர். 2005-இல் நகர மன்றத்தில், போலீஸ் கெடுபிடி நிற்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்தார்.

பொம்பளைங்க யாருமே இல்லையா இந்தக் கதையில?

இருக்கிறார்கள், கதை சொல்கிறவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள். மார்ட்டனுக்கு ப்ளூஸ் காதில் விழவைத்தவர் மேமி டெஸ்டூன்ஸ், வலது கையில் இரண்டு விரல் இல்லாத பியானோக்காரி. ரயில் வழக்கில் மேலே வந்த டேனியலுக்கு அவர் வேறு தாய்க்குப் பிறந்த தங்கை, தந்தை ஒருவரே. ஸ்வீட் எம்மா பாரெட் பியானோ வாசிக்கும்போது காலில் சலங்கை குலுங்கும். 1991-இல் பள்ளி மாணவிகளாகத் தொடங்கிய பினெட்ஸ் என்ற பெண்கள் பிராஸ் பேண்ட், அதாவது பித்தளை வாத்தியக் குழு, 2013-இல் ஆண்கள் குழுக்களோடு மோதித் தெருப் போட்டியை ஜெயித்தது.

நம்ம ஆளுங்க யாராவது இதுல உண்டா?

தமிழர் என்று நான் இழுத்துப்போட்டு ஒட்ட மாட்டேன், ஆனால் வங்காளிகள் உண்டு. ஹூக்ளி பகுதியிலிருந்து முஸ்லிம் வியாபாரிகள் எம்பிராய்டரித் துணி விற்க 1880-களிலிருந்து இங்கே வந்து டிரெமேயில் தங்கினார்கள், சிலர் உள்ளூர்க் கறுப்பினப் பெண்களைக் கல்யாணம் செய்தார்கள். அப்படி மொக்சத் அலி என்பவரின் மகனாக 1906-இல் பிறந்தவர் பார்டு அலி. நியூயார்க் ஹார்லெமில் சிக் வெப் குழுவின் முன்னால் நின்று நடத்தியவர், பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு அந்தக் குழுவுக்குள் வந்ததில் அவர் பங்கும் உண்டு.

ஆம்ஸ்ட்ராங் இவ்வளவு பெரிய ஆளு, ஏன் ஊரை விட்டுப் போனார்?

1922-இல் குரு கிங் ஆலிவர் சிகாகோவுக்குக் கூப்பிட்டார், போனார். வடக்கே கூலியும் அதிகம், பயமும் குறைவு. சின்ன வயதில் அவரை வேலைக்கு வைத்துச் சோறு போட்டது கர்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பம், முதல் கார்னெட் வாங்க முன்பணமும் கொடுத்தது, அதனால் கடைசிவரை கழுத்தில் யூத நட்சத்திரம் போட்டிருந்தார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசிக்கக் கூடாது என்று 1956-இல் லூசியானா சட்டம் போட்டதும் சொந்த ஊரில் வாசிக்க மாட்டேன் என்றார். 1965-இல்தான் திரும்பி வந்து வாசித்தார்.

கர்னோஃப்ஸ்கி கடைக் கட்டடம் ராம்பார்ட் தெருவில் ரொம்ப நாள் கவனிப்பாரற்று நின்று, 2021-இல் ஐடா புயலில் இடிந்து விழுந்தது. பெயரை ஏர்போர்ட்டுக்கு வைக்க முடிந்தது, சுவரைப் பூச முடியவில்லை.

கத்ரீனா புயல்ல எல்லாம் போச்சுன்னாங்களே, இப்ப இருக்கிறது சும்மா டூரிஸ்ட் ஷோவா?

2005-இல் அணைகள் உடைந்து ஊரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போனது. இசைக்காரர்கள் நாடு முழுக்கச் சிதறினார்கள், பலர் திரும்பவில்லை. வந்தவர்களுக்காக மேல் ஒன்பதாம் வார்டில் இசைக்கலைஞர் குடியிருப்பே கட்டினார்கள். ஆனால் கத்ரீனாவுக்கு முன்பே ஒரு அடி விழுந்திருந்தது: டிரெமேயின் கிளேபோர்ன் அவென்யூவில் ஊர்வலத்துக்கு நிழல் தந்த ஓக் மரங்களை 1966-இல் வெட்டி நெடுஞ்சாலை மேம்பாலம் போட்டார்கள். இப்போது பேண்டுகள் அந்தப் பாலத்துக்கு அடியில் வந்ததும் வேண்டுமென்றே நின்று வாசிக்கும், கான்கிரீட்டில் மோதி ஒலி நாலு மடங்காகத் திரும்பும். வாடகை ஏற்றம்தான் இப்போதைய கவலை. வாசிக்கிறவன் அந்தப் பேட்டையிலேயே குடியிருக்க முடியவில்லை என்றால், இரண்டாவது பதிலில் சொன்ன பக்கத்து வீடு எங்கே இருக்கும்?

இப்ப பிராஸ் பேண்டுல ராப் பாட்டெல்லாம் வாசிக்கிறாங்க. அதையும் ஜாஸ்னு சொல்வீங்களா?

சொல்வேன், கொஞ்சம் யோசித்துவிட்டு. 1970 வாக்கில் பிராஸ் பேண்டே வயசானவர்கள் விஷயமாகச் சுருங்கியிருந்தது. டேனி பார்க்கர் என்ற மூத்த கலைஞர் ஒரு தேவாலயத்துப் பையன்களைச் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார். பிறகு 1977-இல் டர்ட்டி டஸன், 1983-இல் ரீபர்த் என்ற குழுக்கள் வந்தன. இவர்கள் ஃபங்க்கும் ஹிப் ஹாப்பும் சேர்த்தபோது பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். போல்டன் வாசித்தபோது கிரியோல் பெரியவர்கள் சுளித்த அதே முகம். பிரிசர்வேஷன் ஹால் என்ற கச்சேரிக் கூடம் 1961-இல் பழைய பாணிக்கென்று திறந்தது, எனக்கு அதுவும் வேண்டும். ஆனால் இந்த இசையின் வேலை ஊர்வலத்தை நடத்துவது, பதினெட்டு வயசுப் பிள்ளைகள் ஆடவில்லை என்றால் ஊர்வலம் நகராது.

ரெண்டு நாள்தான் இருக்கேன். எங்க போகணும், அத மட்டும் சொல்லுங்க.

இரண்டு நாளில் ஒன்று ஞாயிறு என்றால் செகண்ட் லைன், வேறு யோசனையே வேண்டாம். உள்ளூர் வானொலி டபிள்யூ டபிள்யூ ஓ ஸெட் அந்த வாரத்து வழித்தடத்தைச் சொல்லும். பேண்டுக்கு முன்னால் போய் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், ஓரமாகவோ பின்னாலோ நடங்கள், கூட்டம் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஞாயிறு இல்லை என்றால் ராத்திரி ஃப்ரெஞ்ச்மென் தெரு, நாலு கடை ஏறி இறங்கலாம். போர்பன் தெருவில் கிடைப்பது பெரும்பாலும் சத்தம். சில்லறை டாலர் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், வாளி சுற்றி வரும்போது போடாமல் நகர்ந்தால் நான் உங்களோடு வந்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். நல்ல ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். என் மச்சான் செருப்போடு வந்து மூன்றாவது மைலில் வார் அறுந்து, மிச்ச தூரம் டியூபாவுக்குப் பின்னால் வெறுங்காலோடு ஆடிக்கொண்டே வந்தான்.